மச்சானுக்காகக் காத்திருக்கும் மிக்ஸிகள்

மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பண்றவனை லேசுல எவனும் நம்பமாட்டான். அது எங்க தொழிலோட தலையெழுத்து. அதைக்கூட நான் பொறுத்துக்குவேன். ஆனா என்னை நம்பாதவங்க அத்தனை பேரும், எனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளை மட்டும் நம்புனா எப்படிங்க பொறுத்துக்கிறது?

அந்த ஆளு என் சம்சாரத்தோட அண்ணன், கலியமூர்த்தி. ரெண்டு பேரும் கடலூர்ல ஒரே கடையிலதான் தொழில் கத்துக்கிட்டோம். 2006ல சிதம்பரத்துல ஒண்ணா கடை போட்டோம். ஒரே ரூம், ரெண்டு மேஜை. அவருக்குத் தெரிஞ்ச வேலை அத்தனையும் எனக்கும் தெரியும். பக்கத்து சீட்டுக்காரனைப் பார்த்து வயிறெரிஞ்சவங்க உங்கள்லயும் இருப்பீங்க. வாங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்.

குமராட்சி மிக்ஸி

கடை போட்ட புதுசு. குமராட்சியிலேருந்து ஒரு பெரியவர் மினிபஸ் புடிச்சி வந்தாரு. மிக்ஸியைத் துண்டுல சுத்தி, இடுப்புல புள்ளையை வச்சிருக்கிற மாதிரி வச்சிருந்தாரு. மச்சான் ஒரு வேலையா பண்ருட்டி போயிருந்தாரு. "குடுங்க, நான் பாக்கறேன்"னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "கலியமூர்த்தி எப்ப வருவாப்ல?"ன்னாரு. சாயங்காலம் ஆவும்னு சொன்னேன். போயிடுவாருன்னு பார்த்தா, பெஞ்சில சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு.

என் மேஜையில வேலை இல்லை. கையில ஸ்க்ரூ டிரைவரை வச்சிக்கிட்டு நான் அவரைப் பாக்கறேன், அவரு ரோட்டைப் பாக்கறாரு. மத்தியானம் பசி தாங்காம எழுந்தாரு. மிக்ஸியை என் மேஜை மேல வச்சாரு. அடடா, மனசு மாறிட்டாருடான்னு எனக்கு ஒரே சந்தோஷம். கிளம்பும்போது சொன்னாரு: "சாப்ட்டு வந்துர்றேன் தம்பி. பத்திரமா பாத்துக்க, கை மட்டும் வச்சிராத."

சிவப்பு பட்டன்

மிக்ஸிக்கு அடியில ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஜாஸ்தி மாவு போட்டு அரைச்சா அது வெளிய வந்துரும், மிக்ஸி நின்னுரும். அதை அமுத்துனா போதும். அண்ணாமலைநகர்லேருந்து ஒரு வாத்தியார் மிக்ஸி செத்துப்போச்சுன்னு கொண்டாந்தாரு. கவுத்தேன், அமுத்துனேன், ஓடுச்சு. "ஒண்ணுமில்ல சார், எடுத்துட்டுப் போங்க"ன்னேன். மனுசன் முகம் சுருங்கிப்போச்சு. ஏதோ மறைக்கிறேன்னு நினைச்சிட்டாரு போல. "எதுக்கும் அவுருகிட்டயும் காட்டிருங்க"ன்னு மிக்ஸியை மச்சான் மேஜையில வச்சிட்டுப் போயிட்டாரு.

மச்சான் அன்னிக்கு ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. திரும்பி வர ரெண்டு நாளாச்சு. அதுவரைக்கும் மிக்ஸி மேஜை மேலயே தூங்குச்சு. வாத்தியார் வந்ததும் மச்சான் அதைத் தூக்கிக் குடுத்து, "ஒண்ணுமில்ல சார், பட்டன்தான். மாப்ளயே சரி பண்ணிட்டாப்ல"ன்னு உள்ளதைச் சொன்னாரு. பொய் சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். வாத்தியாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. என்னைப் பார்த்து சொன்னாரு: "ரெண்டு நாளா போராடியிருக்காரு, வாயத் தொறந்து சொல்றாரா பாருங்க! கத்துக்கணும் தம்பி."

கண்ணை மூடி

அப்படி என்னதான் இருக்கு அந்த மனுசன்கிட்டன்னு கவனிச்சேன். எந்தப் பொருள் வந்தாலும் காதுகிட்ட வச்சி லேசா குலுக்கி, கண்ணை மூடி, "ம்ம்ம்"ன்னுவாரு. அவ்வளவுதான், ஜனங்க மயங்கிடுறாங்க. நானும் ஒருநா அதே மாதிரி ஒரு அயர்ன்பாக்ஸைக் குலுக்கி, கண்ணை மூடுனேன். கொண்டாந்த பையன் கேட்டான்: "என்னண்ணே, நைட்டு தூங்கலியா? நான் வேணா அப்பறம் வரவா?"

வீட்ல போய்ப் புலம்புனேன். என் சம்சாரம் மல்லி, கூடப் பொறந்த பாசத்தை மறைக்காம ஆறுதல் சொன்னா: "எங்கண்ணனுக்கு கைராசி. அதுக்கு நீங்க என்னா மாமா பண்ணுவீங்க?"

கடலூர் போன்

2010ல ஒருநாள் கடைக்கு போன் வந்துச்சு. மச்சான்தான் எடுத்தாரு. கேட்டுட்டு, ஆச்சரியமா என்கிட்ட நீட்டுனாரு. "மாப்ள, உன்னத்தான் கேக்குறாங்க."

கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு பொம்பளை. அவுங்க அம்மா வீடு சிதம்பரத்துல, எங்க கடைக்கு வழக்கமா வர்றவங்க. வீட்ல பெரிய கிரைண்டர் நின்னுபோச்சாம். "அண்ணே, நீங்கதான் வரணும். கலியமூர்த்தி அண்ணன அனுப்பிச்சிராதீங்க"ன்னாங்க. எனக்குக் கால் தரையில நிக்கலை. கடலூர்ல மெக்கானிக்கே இல்லியா? பக்கத்துல மச்சான் இருக்கும்போதே என்னைக் கேக்குறாங்க! "ஆங், நான்தான், சேகர்தான் பேசறேன், நானே வர்றேம்மா"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனேன். தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு பஸ் ஏறுனேன்.

வாசல்லயே காபி குடுத்தாங்க. வீட்டுக்காரரு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. அந்தம்மா குரலை இறக்கி விஷயத்தைச் சொன்னாங்க. அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சாம். டேபிள்டாப் கிரைண்டர் கேட்டா, இது ஓடுற வரைக்கும் புதுசு கெடையாதுன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாராம். "கலியமூர்த்தி அண்ணன் வந்தா எப்படியாவது ஓட வச்சிருவாருண்ணே. நீங்கன்னா பிரச்சன இல்லன்னு எங்கம்மாதான் சொன்னாங்க. பாத்துட்டு, தேறாதுன்னு மட்டும் சொல்லிருங்க."

காபி டம்ளரைக் கீழ வச்சேன். பாவம், அந்தம்மா இடுப்பு வலியெல்லாம் என் காதுல ஏறவே இல்லை. மச்சான் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அவரு வந்தா ஓடும், நான் வந்தா ஓடாதா? பையைத் தொறந்தேன். புது கெப்பாசிட்டர் போட்டேன், பெல்ட்டை மாத்துனேன், எண்ணெய் விட்டேன், சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு ஓடுச்சு பாருங்க, என் ஆயுசுல அப்படி ஒரு வேலை நான் பண்ணதில்லை.

வீட்டுக்காரரு ஈரக் கையோட ஓடிவந்து, "ஆகா! இன்னும் பத்து வருசத்துக்கு அசையாது!"ன்னு என் முதுகுல தட்டுனாரு. அந்தம்மா வாசல் கேட்டு வரைக்கும் வந்து, கதவைச் சாத்தும்போதுதான் சொன்னாங்க: "உங்களப் போயி நம்புனேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

ஆக மொத்தம், இத்தனை வருசத்துல என்னை நம்பிக் கூப்பிட்ட ஒரே ஒரு ஆளையும் ஒழுங்கா வேலை பார்த்தே ஏமாத்திட்டு வந்தேன்.