கறுப்பு ஹெட்போன்

வெள்ளகோவில் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் களை எடுக்கையில் என் தாலிக்கொடி அறுந்து விழுந்துவிட்டது. மெட்டல் டிடெக்டரோடு தேடித்தர வந்தவர் ஒல்லியான மனிதர். கழுத்தில் இரண்டு ஹெட்போன், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. வண்டிச் சாவியை மண்ணில் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, எதுல சத்தம் ஜாஸ்தி?" எரிச்சலாகத்தான் கேட்டேன்.

"கறுப்புலீங்க அம்மணி" என்றவர், சிவப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்குக் கோபமான கோபம்.

வரப்போரம் நின்றார். சிவப்பைக் கழற்றிவிட்டு, கறுப்பைச் சொருகி என் காதில் மாட்டினார். அது அலறியது.

"தொலைச்சவங்க நல்லாக் கேக்கோணுமுங்க. அதுக்குத்தான் இது."

தோண்டும் முன்பே அழுதுவிட்டேன். கொடி மண்ணோடு வந்தது.

"சோடா மூடிக்கும் இப்படித்தானுங்க அலறும்" என்று அப்புறம் சொல்கிறார். எந்தத் தைரியத்தில் என் காதில் மாட்டினாரோ, மனிதர்!