உதடு மூடிய பிறகு வந்த குரல்

போன வாரம் சூலூரிலிருந்து காந்திபுரம் போகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு இயர்போனை எடுத்து, ஒண்டிப்புதூர் தாண்டும்வரை அதன் சிக்கலைப் பிரித்துக்கொண்டே வந்தாள். பழைய மாதிரி, வெள்ளை வயர் வைத்தது. சும்மா இருக்க முடியாமல், "இன்னும் வயர்தான் வச்சிருக்கியா கண்ணு?" என்று கேட்டேன். "இப்ப இதுதாங்க்கா ஃபேஷன்," என்றாள். அக்கா என்றதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆனால் அந்த வயரிலிருந்து புது ரப்பர் வாசனை வந்ததும் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு என் மாமியார் ஞாபகம் வரும். மாமியாரோடு மேரியம்மா ஞாபகமும் வரும். அங்கே போய்விட்டால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடாது.

கல்யாணமான புதிதில் நான் காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். நாள் முழுக்கப் புதுப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து, அந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை என் தலைமுடியில்கூட ஒட்டியிருக்கும். "நீ பக்கத்துல வந்தா புதுப் போன் வாங்கின மாதிரியே இருக்குது," என்பார் வீட்டுக்காரர். புகழ்கிறாரா கிண்டல் செய்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இயர்போன் சொருகும் ஓட்டையைப் போனிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக எடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் கடைக்குள் அதுதான் பெரிய வழக்கு. சர்வீஸ் கவுண்ட்டரில் இருந்த செந்தில் ஓட்டைக் கட்சி. "இருந்தத எடுத்துப்போட்டு, எடுத்ததுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. நீங்களும் அதயே ஒப்பிக்கறீங்க," என்பான். நான் எதிர்க்கட்சி. போன் ஒல்லியாகும், தண்ணீர் உள்ளே போகாது, பேட்டரிக்கு இடம் கிடைக்கும், வயர் சிக்கல் கிடையாது. எல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அதில் பக்தி வந்துவிட்டது.

வருகிறவர்கள் சும்மா கேட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர், "அப்ப எஃப்எம் எப்படீங்க கேக்கறது? அந்த வயருதானுங்களே ஏரியலு," என்று கேட்டுப் போனைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். வயர் இல்லாத இயர்போன் வாங்கிப்போன ஒருவர் மறுநாளே வந்து, "படம் பாத்தா வாய் மொதல்ல அசையுது, பேச்சு பின்னால வருதுங்க," என்றார். "அது பழகிடுங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படி நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் மாமியார், அதாவது அத்தை, சூலூரில் ஒரு தறிக்குடோனில் வயசுக் காலம் முழுவதும் வேலை செய்தவர். விசைத்தறி ஓடும் குடோனுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? உள்ளே நுழைந்ததும் சத்தம் காதில் கேட்காது, நெஞ்சில்தான் இடிக்கும். அங்கே யாரும் பேசுவதில்லை. உதட்டை அசைப்பார்கள், எதிரே இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அத்தையின் காது அங்கேயே போய்விட்டது. பக்கத்துத் தறியில் நின்றவர்தான் மேரியம்மா. சர்ச் வீதியில் வீடு. அவருக்குக் காது அவ்வளவு மோசமில்லை. வேலையை விட்ட பிறகும் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, குடோனில் பேசிய மாதிரியே, சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், என்னைப் பற்றித்தான் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைத்து நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

காது மெஷின் வாங்கிக்கொள்ள அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அத மாட்டிட்டுப் போனா, செவிடி வாராள்னு ஊரே சொல்லும் அம்மணி," என்பார். இதை ஒருநாள் கடையில் சொன்னபோது செந்தில்தான் ஒரு வழி சொன்னான். சுற்றி இருக்கும் சத்தத்தைப் பெரிதாக்கி இயர்போனில் தருகிற ஒரு ஆப் இருந்தது. என் பழைய போனில் அதை ஏற்றி, வயர் இயர்போனைச் சொருகி, அத்தையிடம் கொடுத்தேன். பேசுகிறவர் பக்கத்தில் போனை வைத்துவிட்டால் போதும். பார்க்கிறவர்களுக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரிதான் தெரியும். அந்த வயர் அத்தைக்கு மானத்தைக் காப்பாற்றிய வயர்.

முதன்முதலில் மாட்டியபோது அத்தை கேட்டது எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதை. "இது எத்தன நாளா இப்படி ஒழுகுது?" என்று என்னைத்தான் முறைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் மேரியம்மா வந்தார். அத்தை போனை அவர் மடியில் வைத்து, "பேசு மேரி," என்றார். மேரியம்மாவுக்கு வெட்கம். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டார். அத்தை கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ற கொரலு இப்படியா மேரி? நான் வேற மாதிரி நெனச்சுட்டு இருந்தேன்."

"எப்படி நெனச்சீங்க?"

"இன்னும் கொஞ்சம் கட்டக் கொரலா."

அத்தனை வருசம் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள். அன்றைக்குத்தான் அத்தை மேரியம்மாவின் குரலைச் சரியாகக் கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான்கு மணி ஆனால் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மேரியம்மா சர்ச்சில் பாடுகிற பாட்டுகளை அத்தைக்குப் பாடிக் காட்டுவார். சுருதி சேராது. அத்தைக்கு அது தெரியாது, நானும் சொன்னதில்லை.

அடுத்த தீபாவளிக்கு அத்தைக்கு ஏதாவது நல்லதாக வாங்கித்தர ஆசைப்பட்டேன். கடைக்குப் புதிதாக வந்த மாடலை வாங்கினேன். ஓட்டை கிடையாது, கூடவே வயரில்லாத இயர்போன், மூக்குத்தி மாதிரி சின்னதாக. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். அதே ஆப்பை அதில் ஏற்றி, அத்தை காதில் நானே மாட்டிவிட்டு, "எப்படீங்க அத்தை?" என்று கேட்டேன். ஒரு கணம் தாமதித்து, "நல்லாருக்குது கண்ணு," என்றார். அந்தத் தாமதம் ஆனந்தத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்தேன். கடையில் வயர் வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்களிடம் அந்தப் போட்டோவைக் காட்டி, "எங்க மாமியாரே மாறிட்டாங்க, பாருங்க," என்பேன். அத்தையின் முகத்தைக் காட்டி நான் விற்ற போன்கள் எத்தனையோ.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் அத்தை பதில் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். வயதாகிறது என்று நினைத்தேன். ஒருநாள் மேரியம்மா என்னை வாசலில் நிறுத்தி, "ஏனுங் அம்மணி, அக்காவுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங் மேரியம்மா?"

"நான் பேசறப்பக் கண்ண மூடிக்கறாங்க. முன்னெல்லாம் எம் மொகத்தையே பாத்துட்டு இருப்பாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வயசாச்சில்லீங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், மேரியம்மா வீட்டுச் சாமான்களை வேனில் ஏற்றுவதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் போனார், நானும் பின்னாலேயே போனேன். கொடுமுடியில் டீச்சராக இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறாராம். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. மேரியம்மா அத்தையைப் பார்த்து, "வாரேனுங்க்கா," என்றார். அவ்வளவுதான். வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லியிருப்பா. நாந்தான் என்ன கேட்டனோ, என்ன சொன்னனோ," என்றார். அவர் அருகில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, உதடு தெரிய மெதுவாகக் கேட்டேன். "அத்தை, இதுல சரியாக் கேக்குதுங்களா?"

அவர் அந்த இரண்டையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அவற்றை எடுத்து என் காதில் மாட்டினேன். போனை வீட்டுக்காரர் முன் வைத்து, ஏதாவது பேசச் சொன்னேன். "என்ன பேசறது?" என்று அவர் உதடு அசைந்து மூடிய பிறகுதான் அந்தக் குரல் என் காதுக்கு வந்தது. பெரிய நேரமில்லை, ஒரு இமைப்பு. எனக்கு நல்ல காது, அதனால் நேரே ஒரு குரலும் பின்னால் ஒரு குரலுமாக இரண்டும் கேட்டது. அப்படியும் என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. அத்தைக்கோ உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதே பழக்கம். உதடு ஒன்று சொல்ல, காது முந்தின வார்த்தையைச் சொன்னால் என்ன செய்வார்? கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் பிடிக்கப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க அத்தை எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிக் குடுத்தது கண்ணு. நல்லால்லைன்னு எப்படிச் சொல்றது? எனக்குத்தான் பழகலையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்."

பழகிடும் என்று நான் கடையில் சொன்ன சொல்லை, என் வீட்டிலேயே ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்ஜர் ஓட்டையில் சொருகி, பழைய வயர் இயர்போனை மாட்டிக்கொள்ள ஒரு சின்ன கனெக்டர் உண்டு. கடையில் அதற்கு வால் என்று பெயர் வைத்திருந்தோம். என் கவுண்ட்டருக்குக் கீழேயே ஒரு டப்பா நிறையக் கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போய் ஒன்றை எடுத்து வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தையை ஈரோடு வழியாகக் கொடுமுடிக்குக் கூட்டிப்போனேன். மேரியம்மாவின் மகள் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், சின்ன வீடு. எங்களைப் பார்த்ததும் மேரியம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ரொம்ப மரியாதையாக இருந்தார். அந்த மரியாதை எனக்குச் சங்கடமாக இருந்தது. அத்தை வயரை மாட்டிக்கொண்டு, போனை மேரியம்மா மடியில் வைத்தார்.

"எங்கிட்ட ஏன் மேரி சொல்லாம வந்துட்ட?"

"சொன்னனுங்க்கா. மக கூப்படறா, எனக்கு அரை மனசாத்தான் இருக்குது, நீங்க இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகலைன்னு சொன்னனுங்க. நீங்க கண்ண மூடிட்டு, ஆமா ஆமா, அதுதான் நல்லதுன்னு சிரிச்சீங்க."

அத்தைக்கு இந்த முறை எல்லாம் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். அவர் மேரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அது கேக்கலை மேரி," என்றார். மேரியம்மா அந்த வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். என் வாயில் வார்த்தை கோணல்மாணலாக வந்தது. நான் முடித்ததும் மேரியம்மா, "உட்டுத்தள்ளுங் அம்மணி, உங்களுக்கென்ன தெரியும்," என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்கப் போனார்.

"இரு மேரி," என்று அத்தை கூப்பிட்டார். "நம்மூருக்கே வந்துரு."

"இனி எங்கீங்க்கா. அந்த ஊட்டுக்கு வேற ஆள் வந்தாச்சு. மகளும் இங்க தனியா இருக்கறா."

சாயங்காலம்வரை இருந்தோம். இருவரும் பேசினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் வாயத் தொறந்து சொல்லாததுதான் கண்ணு தப்பு," என்றார். நான் அந்தத் தப்பு என்னுடையது என்றேன், அவர் தன்னுடையது என்றார். ஈரோடு வரும்வரை அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

அதற்குப் பிறகு போனில்தான் பேச்சு. "போன்ல அவ கொரலு வேற மாதிரி இருக்குது," என்று அத்தை குறைப்படுவார். வருசத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ போய்ப் பார்த்து வருவோம். முந்தின வருசம் மேரியம்மா தவறிவிட்டார். அவருக்கு உறவென்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத அத்தையை, அடக்கத்தின்போது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார் அவர் மகள்.

தறிக்குடோனை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த கடை இப்போது துணிக்கடை. செந்தில் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அத்தை கடைசியில் டாக்டர் சொன்ன காது மெஷினையே வாங்கிக்கொண்டார். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையெல்லாம் அவருக்குப் போய்விட்டது. காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்கிறார், எல்லாம் நன்றாகக் கேட்கிறது. சாயங்காலம் நான்கு மணி ஆனால் மட்டும் அதைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு, இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை.