திரும்பி வராத மின்விசிறிகள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, லிஃப்டுக்குப் பக்கத்தில், வாரம் ஒரு மின்விசிறியாவது அநாதையாக நிற்கும். யாரோ மறந்துவிட்டதாக நினைத்து எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் கேட்டேன். "ஓல்ட் ஆல்ரெடி லா," என்றார். ஓடுகிற பொருளை எறிவார்கள் என்பது எனக்கு உறைக்கவே பல மாதமாயிற்று. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியில் துண்டுச் செம்புக் கம்பியைக்கூட முதலாளி குப்பைக்கு விடமாட்டார். பூமியின்மேல் அக்கறையெல்லாம் கிடையாது. செம்பு விற்ற விலை அப்படி.

இங்கே துவாஸில் நான் வேலை பார்க்கும் விசிறித் தொழிற்சாலை பழையதைச் சேர்க்கத் தொடங்கிய காரணம் வேறு. பழைய விசிறிகளைத் திரும்பப் பெற்று, பாகங்களை மறுபடி பயன்படுத்தினால்தான் ஆர்டர் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டது. உடனே ஒரு மூலையில் மேசை போட்டார்கள். நான் மேற்பார்வை, பிரித்துச் சரிசெய்ய சிவகங்கைப் பக்கத்துச் செல்வம். அவன் கை பட்டால் செத்த மோட்டாரும் சுற்றும். அவனுடைய வேலை பெர்மிட் அந்த மேசையை நம்பித்தான் இருந்தது.

ஆனால் விசிறிகள் திரும்பி வரவில்லை. தீவின் மறுகோடியிலுள்ள துவாஸ்வரை தூக்கிவர வாங்கியவர்களுக்கு என்ன தலையெழுத்தா? எண்ணிக்கை குறைந்தால் மேசையை எடுத்துவிடுவேன் என்றார் மேனேஜர். அன்றிலிருந்து, புளோக்கின் கீழே கிடப்பவற்றில் எங்கள் கம்பெனி விசிறியாகப் பார்த்து நானே கம்பெனி பஸ்ஸில் ஏற்றிப் போனேன். ஆண்ட்டி இதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் என் வாசலில் பழைய ரைஸ் குக்கரும் இரண்டு சட்டைகளும் இருந்தன. "டேக் லா, அங்கிள். நோ நீட் ஷை." தொழிற்சாலை, ஒப்பந்தம் என்று நான் விளக்க விளக்க அவர் கண் கலங்கியது. மறுநாள் இன்னொரு சட்டையும் வந்தது.

புது ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. மேசையை எடுத்தார்கள். மேனேஜர் இங்கேயே பிறந்த தமிழர், கெட்டவரும் அல்ல. "வாங்குற பையரே கேட்கல, நம்ம ஏன் செய்யணும், சொல்லுங்க?" என்றார். விலை ஏறினால் செய்வார்கள், வாங்குபவன் கேட்டால் செய்வார்கள், சட்டம் அதட்டினால் செய்வார்கள். நல்லது என்பதற்காக மட்டும் ஒருவரும் செய்து நான் பார்க்கவில்லை, இரண்டு நாட்டிலும். எனக்கு வெறுத்துவிட்டது.

செல்வத்தின் பெர்மிட் ரத்தாயிற்று. கடைசி ஞாயிறன்று தேக்கா கடைத்தெருவில் அவனுக்குப் பெட்டி வாங்கினோம். அவன் கடைசியாகச் சரிசெய்த விசிறியைக் கழற்றித் துணிகளுக்கு நடுவே வைத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"பிள்ளைங்களுக்குக் காத்து வரும்ல. கொண்டு போ."

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "அண்ணே, பிளக்கு நுழையமாட்டேங்குது. இது சதுரக் காலு, நம்ம ஊருல வட்ட ஓட்டை. பிளக்க மாத்துறேன்னா, வீட்ல கேக்கமாட்டேங்குறா. எக்ஸ்சேஞ்சுல போட்டுப் புதுசு எடுக்கணுமாம்." சரிடா என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, கீழே மறுபடி ஒரு விசிறி. எங்கள் கம்பெனியுடையதுதான். பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டேன். தூக்கியபிறகுதான் துவாஸில் மேசை இல்லாதது ஞாபகம் வந்தது. ஊரிலும் இது யாருக்கும் வேண்டாம். ஆண்ட்டி லிஃப்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"அங்கிள், கோயிங் அப் ஆர் நாட்?"

விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.