யமுனைக் கரை மண்ணும் எங்கள் அக்காவும்

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சிலர் அன்போடு சொன்னார்கள். அக்காவின் வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் அவர் எழுதிய ஒரே அறிக்கைக்குள் இருந்தன. பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது அம்பாசமுத்திரத்தில். அப்பாவுக்கு மத்திய அரசில் எழுத்தர் வேலை கிடைத்ததும், நான்கு வயதில் அக்கா டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நான் பிறந்தது இங்கேதான். அக்கா கல்லூரி முதலாண்டில் இருந்தபோது அப்பா மாரடைப்பில் காலமானார். அவர் வேலையை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அம்மா அலுவலகம் போக, சமையலும் என் படிப்பும் அக்காவின் பொறுப்பாயின. அதற்கிடையில்தான் மண்ணியலில் முனைவர் பட்டம் பெற்றார். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், “தம்பி படிச்சு முடிக்கட்டும்” என்பார். நான் முடித்த காலத்தில் எல்லோரும் அவரிடம் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். அது எனக்கு உறைக்கவே பல ஆண்டுகள் ஆயின.

வேளாண் ஆய்வு நிறுவனம் ஒன்றில் அக்கா பணியில் சேர்ந்தார். யமுனைக் கரையில் காய்கறி பயிரிடும் குடும்பங்களோடுதான் அவருடைய வேலை. பூச்சிமருந்தைக் குறைப்பது, சாணத்தையும் இலைதழையையும் மட்கவைத்து உரமாக்குவது, ஆறு பொங்கி வடிந்தபின் மண்ணைத் தேற்றுவது என்று கூடவே நின்று செய்து காட்டினார். முதலில் நம்பியவர்கள் கிஷோரி லாலும் அவர் மனைவி புஷ்பாவும். அவர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மாறினார்கள். புஷ்பா கொடுத்தனுப்பும் பாலக் கீரை வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வரும்.

அந்தக் கீரையில்தான் ஈயம் இருந்தது. அக்கா மூன்று முறை சோதித்துப் பார்த்தார். மேலே ஆலைக் கழிவைச் சுமந்து வரும் சாக்கடைக் கால்வாய், ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கீழே இருந்த நிலங்கள் எல்லாமே கெட்டிருந்தன.

“சொல்லாம இருந்தா ஊரே விஷத்தத் திங்கும். சொன்னா இவங்க பொழப்பு போயிரும். என்னல செய்யச் சொல்லுத?” என்று என்னிடம் கேட்டார்.

அறிக்கையை இரண்டு பகுதியாக எழுதினார். முதல் பகுதியில் சோதனை முடிவுகள். இரண்டாம் பகுதியில் செய்ய வேண்டியவை: கழிவை மேலேயே தடுக்க வேண்டும், மண் தேறும்வரை கீரையை விட்டுவிட்டு, யாரும் உண்ணாத கேந்தி என்னும் செண்டுமல்லிப் பூவைப் பயிரிடலாம், விவசாயிகளை அப்புறப்படுத்தக் கூடாது. அதிகாரிகள் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு பிப்ரவரிக் காலையில் கரைக்கு புல்டோசர்கள் வந்தன. காலிஃப்ளவர் அறுப்புக்கு நின்றிருந்தது. செய்தி கேட்டு அக்கா ஓடினார், நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி அக்காவின் அறிக்கைத் தாள் ஒன்றை நீட்டி, “மேடம், இது உங்கள் கையெழுத்துதானே?” என்று இந்தியில் கேட்டார். அக்கா ஆமாம் என்றார். பக்கத்தில் நின்ற புஷ்பா அந்தத் தாளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெஹன்ஜி, விஷம் அந்தச் சாக்கடை நாலாவிலேருந்துதானே வந்தது? நாலாவை ஏன் யாரும் இடிக்கல?”

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. வீட்டுக்கு வந்தும் அக்கா செருப்பிலிருந்த சேற்றைக் கழுவாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல அக்கா முன்வந்தார். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். “ரிட்டயர் ஆகப் போற நேரத்துல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? பேசாம இரு.”

“என் கையெழுத்துல்லா அது” என்றார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இதைப்பற்றி என்னிடம் அவர் பேசவே இல்லை.

அக்காவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. திட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஓய்வுபெற்ற நாளில் வழியனுப்பு விழாவும் இல்லை. ஒரு பையோடு பஸ் ஏறி, நாங்கள் அப்போது இருந்த லோதி ரோடு வீட்டுக்கு வந்தார். நிலம் போனபின் கிஷோரி லால் கட்டட வேலைக்குப் போனார். இரண்டாவது கோடையில் வெயில் தாங்காமல் வேலையிடத்திலேயே விழுந்து இறந்தார். துக்கம் கேட்கப் போன அக்காவுக்கு புஷ்பா கதவைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பினார். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றம் போனார். நுரையீரல் சுருங்கும் நோய் வந்தபின், படியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கியபடி போனார்.

கடைசிக் குளிர்காலத்தில் ஆக்சிஜன் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. “அந்த ரெண்டாம் பகுதிய யாராச்சும் படிச்சாங்களால?” என்று கேட்டார். படித்தார்கள் அக்கா என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

மயானத்துக்கு புஷ்பா வந்திருந்தார். நான் கைகூப்பினேன். “மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க அண்ணா. வக்கீலத் தவிர கோர்ட்டுக்குத் தவறாம வந்த படிச்சவங்க அவங்க ஒருத்தர்தான். அதுக்காக வந்தேன்” என்றார். தன் பங்குக்கு ஒரு கட்டை விறகை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசி மாதங்களில் அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், மாடிப்படியில் நாற்காலியோடு தூக்கி இறக்கிய அண்டை வீட்டாருக்கும், நடுங்காமல் சாட்சி சொன்ன உடன்பணியாளர் ஒருவருக்கும், வழக்கை இன்னும் விடாமல் நடத்தும் வழக்கறிஞர் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை நானே அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். என் பங்கு வரும் இடத்தையும் விடாமல்.

வழக்கு அடுத்த மாதம் மறுபடி விசாரணைக்கு வருகிறது. மண்ணைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. போய் உட்கார்ந்திருப்பேன். புஷ்பா பக்கத்தில் இடம் கொடுக்காவிட்டால், பின் பெஞ்சில்.