பெலாஜி விற்ற இரண்டு மீன்கள்

கூடையருகே ஆள் வந்து நின்றதுமே பெலாஜி மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். கேட்கவே வேண்டாம். "நல்லா பாத்துக்கோ. எப்படிச் செவந்திருக்கு. கண்ணப் பாரு, உன்னையே முறைக்குது." வாங்காமல் போனால் அவளுக்குக் கவலையில்லை, பார்க்காமல் வாங்கினால்தான் கோபம் வரும். பிரான்சின் ஓன்ஃபிளர் துறைமுகச் சந்தையில் இருபத்தாறு வருடமாக இதே பாட்டுத்தான். பதினொரு மணி அடித்துவிட்டால், "காலையில வந்தது, வாடிப்போச்சு, பாதி வெல" என்று தன் சரக்கைத் தானே குறைசொல்லி விற்பாள்.

அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். பூசை முடிந்து வெளியே வரும் பாதிரியாரின் புது அங்கியைக்கூட விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, "கம்பளி கலப்படம் சாமி" என்று சொன்னவள். மாதாகோயில் சரிவில் ஒரு மச்சறையில் ஒக்தாவ் என்கிற இளம் ஓவியன் குடிவந்து, வரைவதற்கு இரண்டு கானாங்கெளுத்தி மீன் கேட்டபோது அவளை ஆர்வம் குடைந்தது.

"வரையவா? ஏன் தம்பி, ஒரு நல்ல பொம்பளைய உக்கார வச்சு வரையக்கூடாதா?"

"உக்காரக் கூலி கேப்பாங்க மதாம். மீனு கேக்காது."

"அசையவும் அசையாது, வாயும் பேசாது. கட்டிக்கலாம் போலிருக்கே" என்றபடி, கூடையிலேயே நல்லதாக இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படம் படங்களுக்குச் சட்டம் போடும் துத்தேன் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. வெள்ளைத் துணி, கத்தி, அரை எலுமிச்சை, இரண்டு மீன். பெலாஜியிடம் வாங்கியது என்று ஒக்தாவ் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். வினை அதுதான். மீன்களின் கண் குழிவிழுந்து, பால்போலக் கலங்கிக் கிடந்தது.

"பெலாஜி, உன் மீனு கண்ணாடியத் தாண்டி நாறுதுடி" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி எர்மான்ஸ். சந்தை சிரித்தது. பெலாஜியும் சிரித்துவைத்தாள். ஆனால், பதினொரு வருடமாக அவளிடமே வாங்கிவந்த நீதிபதி வீட்டுச் சமையல்காரி ஒல்காம்ப் அன்று நேராக எர்மான்ஸிடம் போனபோது பெலாஜிக்கு நெஞ்சு வலித்தது. அவளுக்கு இருந்த சொத்தே அந்தப் பேர் ஒன்றுதான்.

மறுநாள் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பினாள். கடை வாசலில் கோபத்தை ஆர்வம் முந்திக்கொண்டது. துணியின் மடிப்பில் நிழலை நீலமாகத் தீட்டியிருந்தான் பையன். இதென்ன கூத்து என்று வெயிலில் தன் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை விரித்துப் பார்த்தாள். மடிப்பில் நீலம்தான். "அட, ஆமா" என்று முணுமுணுத்தாள். பிறகு மீனைப் பார்த்தாள். வயிறு தொய்ந்திருந்த விதத்தை வைத்தே எத்தனை நாள் மீன் என்று எண்ணிவிட்டாள்.

உள்ளே ஒக்தாவ் இருந்தான். நேராக அவனிடம் போனாள். "மூணு நாளு வச்சிருந்த. பொய் சொல்லாத."

"துணிய வரையவே ரெண்டு நாளு போயிருச்சு மதாம். நான் கண்ணுல பட்டதத்தான் வரைவேன்."

"உன் கண்ணுல பட்டது உன் சோம்பேறித்தனம். ஊரு கண்ணுல படுறது என் பேரு. அப்புறம் மீன என்ன செஞ்ச?"

"பூனைக்கு வச்சேன். திங்கல."

வாசலில் கூட்டம் சேர்ந்தது. ஒல்காம்பும் எர்மான்ஸும் முன்வரிசையில் நின்றார்கள். அவன் காதுவரை சிவந்துபோய், படத்தை இறக்கி வைத்து, வண்ணப் பெட்டியைத் திறந்து சின்னத் தூரிகையை எடுத்தான். கலங்கிய கண்மேல் ஒரு மீனுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான், இரண்டும் விழித்துக்கொண்டன. கூட்டத்தில் யாரோ "உயிர் வந்திருச்சுப்பா" என்றார்கள். ஒல்காம்ப் தலையாட்டினாள். எர்மான்ஸின் வாய் மூடிக்கொண்டது.

ஜெயித்தவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். பெலாஜி குனிந்து மூக்கு உரசும் அளவுக்குப் பார்த்தாள்.

"வயிறு மூணு நாளு. கண்ணு இன்னைக்குக் காலையில. எர்மான்ஸ் பழைய மீனு செவுள்ல கோழி ரத்தம் தடவுவா பாரு, அதேதான் நீயும் பண்ணியிருக்க."

"உங்க பேரு தப்பிச்சிருச்சே மதாம், விடுங்க" என்றான் ஒக்தாவ் தணிந்த குரலில்.

ஒல்காம்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பெலாஜிக்குத் தெரியும். தோள்துண்டின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, காயாத அந்த வெள்ளைப் புள்ளியை முதல் மீனின் கண்ணிலிருந்து மெதுவாக ஒற்றி எடுத்தாள், பிறகு இரண்டாவதிலிருந்தும்.