கிராஞ்சியில் கிடைத்த தேதி

பேருந்து சிராங்கூன் சாலையை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் டி-சட்டை கொடுத்துவிட்டார்கள். இலைப் பச்சை நிறம். முதுகில் ‘நினைவும் பசுமையும்’ என்று எழுதியிருந்தது. நினைவு என்றால் கிராஞ்சி போர் நினைவிடம். பசுமை என்றால் அதற்குப் பிறகு போகவிருந்த ஆட்டுப் பண்ணை. காலையில் செத்தவர்கள், மதியம் பிரியாணி, மாலையில் ஆட்டுப்பால். மூத்தோருக்கான ஒருநாள் சுற்றுலா. சட்டையை நான் மடித்துப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைத் தன் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, பொத்தான் போடுமிடம் தேடிக்கொண்டிருந்தார்.

எண்பது வயதைத் தாண்டியவர். புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். எனக்கு எழுபது ஆகப்போகிறது, இருந்தாலும் அவருக்கு நான் தம்பிதான். நான் இந்தச் சுற்றுலாவுக்கு வந்ததே அவருக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், நான் சொன்ன ஒரு பதிலுக்காக.

இரண்டு மாதம் முன்பு எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ‘உங்கள் குடும்பத்தார் பெயரைச் சுவரில் தேடுங்கள்!’ என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு மின்தூக்கி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று லாரியில் கூட்டிப் போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம், சாப்பாடும் சம்பளமும் உண்டு என்று சொன்னார்கள். அவருடைய அப்பா ஏறினார். இவருக்கு அப்போது நாலு வயது. அம்மா வயிற்றில் ஆறு மாதத்தில் தங்கை. லாரி போனதுதான். கடிதமும் வரவில்லை, உடன் போனவர்களில் யாரும் திரும்பிவந்து சேதி சொல்லவும் இல்லை. அம்மா சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. அதற்காக அக்கம்பக்கத்தில் என்னென்ன பேசினார்கள் என்பதையும் பெரியவர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா செத்த தேதி. தேதி தெரிந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கண்டுபிடிக்கலாம். திதி தெரிந்தால் வருடாவருடம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம். கோயில் குருக்கள், தேதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தார்.

“அது ஊருக்கே பொது நாளு தம்பி. எங்கப்பாவுக்குன்னு ஒரு நாள் வேணாமா? எனக்கும் நாள் நெருங்குது. ஜொகூர்ல தங்கச்சி வேற ஒவ்வொரு வருசமும் கேக்குறா.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். பிறப்பு, இறப்பு, பெயர் மாற்றம், பிழை திருத்தம். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். கிராஞ்சிச் சுவரில் இருப்பவை படைவீரர்களின் பெயர்கள். சயாமுக்குப் போன கூலிகளுக்கு அங்கே இடமில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

“உறுதியா தெரியுமா தம்பி?”

“பார்த்தாதான் தெரியும்,” என்றேன்.

கவுண்டரில் உட்கார்ந்து ஆயிரம் தடவை சொன்ன பதில் அது. இல்லை என்று சொன்னால் எதிரே நிற்பவர் அழுவார், சண்டை போடுவார், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்வார். பார்த்தால்தான் தெரியும் என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போவார். பெரியவரும் நன்றி சொன்னார். மறுநாளே இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று காலை தேக்கா சந்தைக்கு எதிரே உள்ள பூக்கடையில் சாமந்தி மாலை ஒன்று வாங்கி, வாழையிலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். சட்டைப் பையில் கற்பூரம். நினைவிடத்தில் எதையும் கொளுத்தக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

“கொளுத்த மாட்டேன். சும்மா இருக்கட்டும்,” என்றார்.

வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் உரிம அட்டை, இடுப்பில் ஒலிபெருக்கி, கையில் பச்சைக் கொடி. புக்கிட் தீமா தாண்டுவதற்குள் இரண்டு பாட்டுப் போட்டிகளை நடத்தி முடித்தார். கிராஞ்சியில் இறங்கியதும் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்.

“அங்கிள், ஆன்ட்டி, எல்லாரும் நிழலுக்கு வாங்க லா! ஒரு க்விஸ். இந்தப் படில மொத்தம் எத்தனை ஸ்டெப்? கரெக்டா சொன்னா பிஸ்கட் டின்!”

பச்சைச் சட்டைகள் வாய்விட்டு எண்ணிக்கொண்டே படியேறின. இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட புல்லில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்றன. ஒரு அம்மாள் மூச்சு வாங்க ஒரு கல்லின் தலையில் கைப்பையை வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். இன்னொருவர், “புல்லு எவ்வளவு க்ளீனா இருக்கு பாரு. நம்ம டவுன் கவுன்சிலுக்கு இவங்களைக் கூப்பிடணும்,” என்றார். பாதிப் படியில் கணக்குத் தப்பிப்போன இருவர் கீழே இறங்கிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் அவர்களை விட்டு நாலு படி தள்ளியே ஏறினேன்.

மேலே சுவர்கள். ஆள் உயரத்துக்கும் மேலே, அடியிலிருந்து உச்சிவரை பெயர்கள், படைப்பிரிவு வாரியாக. அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்திருக்கிறார்கள்.

“ஓகே, யாருக்குப் பேர் தேடணும்? கை தூக்குங்க!”

ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. வழிகாட்டி பெரியவரின் அப்பா பெயரைக் கேட்டுக் கைபேசியில் தட்டினார். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் அது.

“கிடைச்சிருச்சு!” என்று ஒலிபெருக்கியிலேயே கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கைபேசியைக் காட்டச் சொல்லி வாங்கிப் படித்தேன். பெயர் அதேதான். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாய். வயது இருபத்தொன்று. தகப்பன் பெயர், பெரியவர் என்னிடம் சொல்லியிருந்த அவருடைய தாத்தா பெயர் அல்ல. ஊர் சேலம் பக்கம். பெரியவரின் குடும்பம் புதுக்கோட்டைப் பக்கம். இறந்த தேதி, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த அந்த வாரம். அந்த வாரம் பெரியவரின் அப்பா உயிரோடு வீட்டில் இருந்தார். லாரி வருவதற்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

வழிகாட்டியைத் தனியே அழைத்தேன். “இது வேற ஆள். தகப்பன் பேர் வேற, ஊர் வேற, தேதியும் ஒத்துவரல.”

“சார், சேம் நேம் தானே. பெரியவர் முகத்தைப் பாருங்க. ஹேப்பியா இருக்கார். விட்டுடுங்க லா.”

பார்த்தேன். பெரியவர் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நார் முடிச்சு அவிழவில்லை. இரண்டு பேர் உதவிக்குப் போனார்கள்.

என் மேசைக்கு வந்த படிவத்தில் ஒரே ஒரு இடம் பொருந்தாவிட்டாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றவளையும் அனுப்பியிருக்கிறேன். இங்கே மூன்று இடம் பொருந்தவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றுகொண்டேன். போகட்டும், கிழவருக்கு ஒரு தேதி கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அன்று காலையிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் அந்த நிமிடம் அவர்களில் ஒருவனாகிவிட்டேன். டி-சட்டை ஒன்றுதான் பாக்கி.

பெயர் எட்டாத உயரத்தில் இருந்ததால் மாலையைச் சுவரின் அடியில் வைத்தார்கள். முழங்கால் தேய்த்த அம்மாள் வழிகாட்டியிடம் தேதியைக் கேட்டு, கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து திதியையே சொல்லிவிட்டார். பெரியவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் படமெடுக்கப் பதாகையை விரித்துவிட்டார்கள்.

“எல்லாரும் க்ளோசா வாங்க! அங்கிள் சென்டர்ல. ஒன்னு, ரெண்டு, மூனு!”

“நினைவும் பசுமையும்!” என்று எல்லோரும் கூவினார்கள். சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

படம் போதாது என்று வீடியோவும் எடுத்தார்கள். வழிகாட்டி பெரியவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு கைபேசியைப் பார்த்துப் பேசினார்.

“எத்தனையோ வருசமா தேடின அப்பாவை அங்கிள் இன்னிக்குக் கண்டுபிடிச்சிட்டார்! சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைல விழுந்த அதே வாரம், நம்ம அங்கிளோட அப்பா வீர மரணம்!”

பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “எந்த வாரம்?”

“சரண்டர் ஆன வாரம் அங்கிள்.”

“அப்ப எங்கப்பா வீட்டுல இருந்தாரே.”

“ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு அங்கிள்.”

“நான் அவரு தோள்ல உக்காந்திருந்தேன்யா. அவரு லாரி ஏறுனது அதுக்கு மறுவருசம். அப்ப எங்கம்மா வயித்துல தங்கச்சி.” வழிகாட்டியின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். “நீ சொல்ற வாரம் அவரு செத்திருந்தா, என் தங்கச்சி எங்கேருந்து வந்தா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சாங்க அம்மாள், “ஐயோ, சும்மா இருங்க,” என்று யாரையோ அதட்டினார்.

“நான் இப்ப ஜொகூருக்கு போன் போட்டு அவகிட்ட என்னன்னு சொல்றது? எங்கம்மா கடைசிவரைக்கும் பொட்டு வச்சிருந்தா. அதுக்கே ஆயிரம் பேச்சு. இப்ப இதையும் எழுதி வச்சிருக்கீங்களா?”

“டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். அந்த பார்ட்டை எடிட் பண்ணிடலாம்,” என்றார் வழிகாட்டி.

பதாகையைச் சுருட்டினார்கள். பிரியாணி சூடு ஆறுவதற்குள் போகவேண்டும் என்று கூட்டம் படியிறங்கியது. பெரியவரும் நானும் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம்.

“தம்பி, அந்தாளு போனை நீங்க வாங்கிப் பார்த்தீங்களே. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

பார்த்தால்தான் தெரியும் என்று சொன்ன வாய்க்குப் பார்த்தபிறகு வேலை இல்லாமல் போய்விட்டது.

“நீங்க படிச்சவரு, சரியாச் சொல்வீங்கன்னுதானே கூட்டிட்டு வந்தேன்,” என்றார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுவரடியில் கிடந்த மாலையைத் திரும்பிப் பார்த்து, “அந்தப் பையனுக்கு என்ன வயசு?” என்று கேட்டார்.

“இருபத்தொண்ணு.”

“மாலை இருக்கட்டும். கொடுத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது.” சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “கற்பூரம் இருக்கு. அதைக் கொடுக்கல.”

பிரியாணியைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சாப்பிட்டார்கள். எலும்புகளைப் போட வழிகாட்டி கறுப்புப் பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

ஆட்டுப் பண்ணைக்குப் போகும் வழியில் சமிக்ஞை விளக்கருகே ஒரு லாரி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் தொழிலாளிகள், விடுதியிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள், மஞ்சள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். லாரியில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கும் விதி உண்டு.

“அங்கிள், ஆன்ட்டி, நம்ம ஊரு பசங்க! ஒரு ஹாய் சொல்லுங்க!”

பச்சைச் சட்டைகள் கையசைத்தன. லாரியிலிருந்து ஒருவன் மட்டும் பதிலுக்குக் கையைத் தூக்கினான். பெரியவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டி-சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

ஆட்டுப்பால் குடித்துத் திரும்பும்போது கருத்துப் படிவம் வந்தது. மூன்று முகங்கள்: சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். ஒன்றைச் சுற்றி வட்டமிட வேண்டும். கீழே பெயர், தேதி, பிற கருத்துகள். பெரியவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. தன் தாளை என் மடியில் வைத்தார்.

“நீங்களே எழுதுங்க தம்பி. எதையாவது.”

இந்தத் தாள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு கோப்பு உறை, ஒரு அலமாரி, மூன்று வருடம் கழித்துத் தாளைத் துண்டாக்கும் இயந்திரம். அது தெரிந்தேதான் எழுதினேன். முகங்கள் மூன்றையும் விட்டுவிட்டேன். பெயர் என்ற இடத்தில் அவருடைய அப்பாவின் பெயரை எழுதினேன். பெரியவரின் தாத்தா பெயரை மறுபடி கேட்டு, தகப்பன் பெயராக எழுதினேன். புதுக்கோட்டைப் பக்கத்து ஊரைக் கேட்டு எழுதினேன். பிற கருத்துகளில், சயாம் ரயில் வேலைக்கு லாரியில் கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை, மகன் ஒருவர், மகள் ஒருவர், இருவரும் இவருடைய பிள்ளைகள் என்று எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “கடைசியா எழுதினதை இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன்.

“தேதி?” என்று கேட்டேன்.

“தெரியாததை எழுதாதீங்க.”

தேதி இல்லாத படிவங்களை என் காலத்தில் எத்தனை திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, வழிகாட்டி வந்தபோது இரண்டு கையாலும் நீட்டினேன். “தேங்க்ஸ் அங்கிள்,” என்று வாங்கி, பார்க்காமல் மற்றவற்றோடு சேர்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.