தம்பிக்குப் படைத்த வைன்

அப்போது நான் ஒரு ஸ்பானியச் சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி ஸ்பெயினின் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். எப்போதும் தன் ஊர் வைனைப் பற்றித்தான் பேச்சு. மூவாயிரம் வருடத்துக்கு முன் கப்பலில் வந்த வியாபாரிகள்தான் அங்கே வைன் செய்யப் பழக்கினார்களாம். ரோமர்கள் எல்லாம் பிறகு வந்தவர்களாம். எனக்கு அது காதில் ஏறவில்லை. தம்பி வன்னியில் இருந்தான். சண்டை முடிந்தது என்று டிவி சொன்னது. அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை.

பிறகு, அகதி முகாமிலிருந்து அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன் எனக்குப் போன் எடுத்தான்.

"பங்கருக்குள்ள செல் குண்டு விழுந்தது அண்ணை. நான் கண்டனான். ஆளை எடுக்க ஏலாமல் போச்சு."

செத்த நாள் சரியாகத் தெரியாது. செய்தி வந்த நாளை வைத்து எட்டுச் செலவு செய்வோம் என்றாள் என் மனிசி. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற எட்டாம் நாள் அது. நான் மாட்டேன் என்றேன்.

"உடம்பைக் கண்டவையோ?"

"கண்ட ஆள்தானே சொல்லுது. அவன் பசியோட திரியட்டுமோ?"

வேலைக்குப் போனேன். முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி என்னவென்று கேட்டார். தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். படைக்கிறதையும் சொன்னேன். கப்பலில் வந்த அந்த வியாபாரிகளும் அப்படித்தான் என்றார். தன் ஊர்ப் பக்கம் அவர்களுடைய சமாதிகளைத் தோண்டியபோது உள்ளே வைன் குடம் இருந்ததாம். ஊர் வைனில் ஒரு போத்தல் எடுத்துக் கையில் தந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"உதென்ன போத்தல்?" என்றாள் மனிசி.

"தம்பிக்கு."

அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கள்ளுக் குடிக்கிறவனுக்கு உது இறங்குமோ?" என்றாள்.

"ஓசியெண்டால் அவனுக்கு எல்லாம் இறங்கும்."

நாங்கள் இருந்த பார்க்டேல் அப்பார்ட்மெண்டில் வாழையிலை போட்டோம். சோறு, ஆட்டிறைச்சி, நண்டுக் கறி, ஒரு கிளாஸ் வைன். செத்தவர் வந்து சாப்பிடும் வரை வீட்டு ஆட்கள் வெளியே நிற்க வேண்டும். ஊரில் என்றால் முற்றம் இருக்கும். இங்கே கதவைச் சாத்திவிட்டு கொரிடோரில் நின்றோம். எதிர்வீட்டுப் பெண், கதவுத் திறப்பைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது என்றேன்.

"இவ்வளவு நேரம் நிண்டது காணும், திறவுங்கோ," என்றாள் மனிசி.

"நில்லு. அவன் ஆறுதலாய், மெதுவாய்ச் சாப்பிடுறவன்."